இடது கைக் கோழி

அந்த வீட்டின் நடையில் நேராக நடந்து போக முடியாது, ஒருக்களித்துத்தான் போக வேண்டும். இரண்டு பக்கச் சுவரிலும் ஸ்கேட்போர்டுகள். சக்கரம் கிடையாது, ஒன்றும் கிடையாது. வெறும் பலகைகள், படம் அச்சிட்ட அடிப்பக்கம் வெளியே தெரியும்படி வரிசையாகத் தொங்கும். மொத்தம் நாற்பத்து மூன்று. அந்த வீட்டு அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். காலை நெரிசலில் ஏறுகிற கூட்டம்கூட என்னை இப்படி இடித்ததில்லை என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கணவரிடம் சொல்லிவிடுவாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார். சில ஜென்மங்கள் அப்படித்தான், என்ன செய்வது.

கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண்ணாடி தேய்க்கிற வேலை. பலகை ஓட்டுகிற பிள்ளைகள் அவரை லென்ஸ் என்று கூப்பிடப் போய், வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அவளை அக்கம்பக்கத்தில் பஸ்காரம்மா என்பார்கள். பதினாறு வயது மகளுக்கு வாலு என்று பெயர். ஏன் என்று கேட்கவே வேண்டாம், ஐந்து நிமிடம் கூட இருந்தால் தெரிந்துவிடும்.

லென்ஸுக்குப் பலகை ஓட்ட வராது. ஒரே ஒரு தடவை ஏறினார், முட்டியால் இறங்கினார், அதோடு சரி. அவருக்கு வேண்டியது படம்தான். யாராவது வீட்டுக்கு வந்தால் போதும், பிடித்துக்கொள்வார். மற்ற ஓவியமெல்லாம் எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருக்கும், இது ஒன்றுதான் காலுக்கு அடியில் தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கும், ஓட்டுகிறவன் விழுந்து பலகை குப்புறக் கவிழ்ந்தால்தான் ஊர் பார்க்கும், அப்படி இருந்தும் ஒருத்தன் உட்கார்ந்து இத்தனை மெனக்கெட்டு வரைந்திருக்கிறான் பாருங்கள் என்பார். வந்தவர் வாசல் கதவைப் பார்ப்பார். லென்ஸ் அடுத்த பலகைக்குப் போய்விடுவார்.

பஸ்காரம்மா அவரைக் கட்டிக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது. வாலுவின் அப்பா, அவள் தவழ்கிற வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். லென்ஸும் வாலுவும் சண்டை போட்டதில்லை. அதுதான் பஸ்காரம்மாவின் கவலையே. ஒரே இருக்கையில் உட்கார்ந்த இரண்டு பயணிகள் மாதிரி, ஒருவர் கை ஒருவர் மேல் பட்டுவிடாமல் நாலு வருஷம் ஓட்டிவிட்டார்கள். உப்பை எடுத்துக் கொடுப்பார்கள், நன்றி சொல்லிக்கொள்வார்கள். வீட்டு மனிதர்கள் நன்றி சொல்லிக்கொண்டால் விளங்குமா? மகள் ஒரு நாள் அவர்மேல் எரிந்து விழமாட்டாளா, அவர் ஒரு நாள் அவளை அதட்டமாட்டாரா என்று அவள் ஏங்கியே போனாள்.

இந்த நிலைமையில்தான் கோழி வந்தது.

போன வருஷம் ஒரு மாலை லென்ஸ் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, சட்டைப் பையிலிருந்து எதையோ பூப்போல எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்டிக்கர். தலையில் ஹெல்மெட் மாட்டிய கோழி ஒன்று, பலகைமேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, பார்க்கிறவரை 'உனக்கு என்ன இப்போ?' என்று கேட்கிற மாதிரி முறைத்தது. இறகின் நிழல் எல்லாம் பேனாவால் இழுத்த பொடிக் கோடுகள். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்ததாம். பக்கத்து முடிதிருத்தகத்தில் முடி உலர்த்தும் கருவியைக் கெஞ்சி வாங்கி, பசையைச் சூடாக்கி, நுனி மடங்காமல் உரித்துக்கொண்டு வந்திருக்கிறார். யார் வரைந்தது என்று பெயர் கிடையாது. அந்தக் கழுத்தைப் பாருங்கள், ஒரே இழுப்பு, இதைப் போட்டவனுக்குப் பயமே கிடையாது என்று தட்டில் இருந்தது ஆறிப்போகும் வரை அவர் பேசினார். வாலு தலை நிமிராமல் சாப்பிட்டாள். காது மட்டும் சிவந்திருந்தது.

அன்றைக்குப் பாத்திரம் துலக்கும்போது வாலுவே சொல்லித்தான் பஸ்காரம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. கோழி வாலுவுடையது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டிக்கர் தாளில் ஒவ்வொன்றாகக் கையாலேயே வரைந்து, பலகை ஓட்டப் போகும் வழியெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பஸ்காரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இப்பவே போய் அவரிடம் சொல்கிறேன் என்று ஈரக் கையோடு கிளம்பினாள். வாலு குறுக்கே நின்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"தெரிஞ்சா நல்லா இருக்குன்னுதான் சொல்வாரும்மா. சொல்லித்தானே ஆகணும்? இப்போ தெரியாம சொல்றாரு. அதான் எனக்கு வேணும்."

பஸ்காரம்மா யோசித்துப் பார்த்தாள். பெண் சொல்வதிலும் நியாயம் இருந்தது. வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு வந்த மாதங்கள் அவளுக்குச் சர்க்கரை. லென்ஸ் கோழி வேட்டைக்கே கிளம்பிவிட்டார். ஒவ்வொரு கோழியையும் மெழுகுத் தாளில் ஒட்டி, தனித்தனி உறையில் போட்டு, உறைமேல் எந்தத் தேதி, எந்தக் கம்பம் என்று பென்சிலால் எழுதிவைத்தார். ஸ்கேட்போர்டு பிள்ளைகளின் வாட்ஸப் குழுவில் கோழியைப் பற்றி அவர் எழுதுவதை முந்நூறு பேர் படித்தார்கள். சாப்பாட்டு மேஜையில் வேறு பேச்சே கிடையாது. மூக்கு போன தடவையை விட நன்றாக வந்திருக்கிறது என்பார். மறுவாரம், சோம்பல்பட்டுவிட்டான், இறகில் அவசரம் தெரிகிறது என்பார். வாலு ஒன்றும் தெரியாதவள் மாதிரி 'அவசரம்னு எப்படித் தெரியும்?' என்று கேட்பாள். அவர் காட்டுவார். அடுத்த வாரக் கோழியில் அவசரம் இருக்காது. அந்த வீட்டில் அவர்கள் இருவரும் அத்தனை பேசி அவள் பார்த்ததேயில்லை, பேச்சு கோழியைப் பற்றித்தான் என்றாலும் என்ன, பேச்சு பேச்சுதானே.

பிறகு வாலு விழுந்தாள்.

மைதானத்துப் படிக்கட்டில் பலகையோடு குதித்து, வலது மணிக்கட்டில் இறங்கினாள். பஸ்காரம்மா வண்டியில் இருந்ததால், தகவல் லென்ஸுக்குத்தான் முதலில் போனது. அரைகுறையாகத் தேய்த்த கண்ணாடியை இயந்திரத்திலேயே விட்டுவிட்டு ஓடினார். எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் விரல் பழைய மாதிரி மடங்குமா என்பதைப் போகப் போகத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் வாலு அம்மாவிடம் ஒரே ஒரு தடவை, 'மடங்கலேன்னா?' என்று கேட்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது பெற்றவளுக்கு.

ஒன்பது நாள் கழித்துக் கம்பங்களில் மறுபடி கோழி முளைத்தது. பஸ்காரம்மாதான் முதலில் பார்த்தாள், ஆஸ்பத்திரி நிறுத்தத்தில், வண்டியின் முன்கண்ணாடிக்கு நேரே. கோடு நடுங்கியது. கால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆனால் கோழி. இடது கையால் வரைந்து ஒட்டியிருக்கிறாள் பெண். அந்த நிறுத்தத்தில் ஏற வேண்டியவர்கள் எல்லாம் ஏறிய பிறகும் பஸ்காரம்மா கதவை மூட மறந்து உட்கார்ந்திருந்தாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

லென்ஸும் பார்த்தார். பார்க்காமல் இருப்பாரா. அரை டஜன் சேர்த்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், மூன்றாம் வாரம் சாப்பாட்டு மேஜையில் தீர்ப்பு சொன்னார். இது வேறு எவனோ. நம்ம ஆள் ஓய்ந்திருக்கிற நேரம் பார்த்து எவனோ காப்பியடிக்கிறான். கழுத்தில் அந்தத் தைரியம் எங்கே? நிழல்கோடுகூட மாறிப்போயிருக்கிறது. சுத்தப் போலி.

பஸ்காரம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. வாலு, வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்து போனாள். தட்டில் எல்லாம் அப்படியே இருந்தது. இந்த மனுஷன் அதையாவது பார்த்தாரா? குழுவில் எழுதுவதற்குக் கைப்பேசியை எடுத்துக்கொண்டிருந்தார்.

லென்ஸ் சொன்னால் பிள்ளைகளுக்கு அப்பீல் கிடையாது. இரண்டே நாளில் ஊர்க் கம்பங்களில் ஒட்டியிருந்த புதுக் கோழிகளையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டார்கள். பஸ்காரம்மா வண்டியை நிறுத்தும் இடமெல்லாம் வெள்ளைக் காகிதத் தழும்பு. அது போதாதென்று, ஸ்கேட்போர்டுக் கடைக்காரர் அதே வாரம் குழுவில் ஓர் அறிவிப்புப் போட்டார். சக்கரம் என்று அவருக்குப் பெயர், நல்ல மனிதர்தான், நேரம்தான் கெட்டது. கோழியைப் பலகையில் அச்சிடப் போகிறேன், ஐம்பது பலகை, வரைந்தவர் யாராக இருந்தாலும் சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கடைக்கு வரவும், நான்தான் என்று மூன்று பேர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள், ஆகவே எல்லோரும் கல்லாமேஜையில் நின்று வரைந்து காட்ட வேண்டும், எது அசல் எது போலி என்று லென்ஸ் அண்ணா சொல்வார்.

வாலு அதைப் படித்துவிட்டுக் கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்தாள்.

"நான் போகலம்மா. நான் அங்க நின்னு இடது கையால வரைஞ்சா, அவரே என்னைப் போலின்னு சொல்வாரு. எல்லார் முன்னாடியும்."

"அவர்கிட்ட நான் ஒரு வார்த்தை..."

"சத்தியம் பண்ணியிருக்கே."

பஸ்காரம்மா தன் பாட்டுக்கு மகளின் மேஜைப் பக்கம் போனாள். ஸ்டிக்கர் தாளைக் காணோம். பேனாக்களை ஒரு பழைய காலுறைக்குள் போட்டுக் கட்டி, அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டிருந்தாள். கை ஒடிந்தபோதுகூட இந்தப் பெண் வரைவதை விடவில்லை, இப்போது விட்டுவிட்டாள் என்று அந்தக் காலுறை சொன்னது. கை சரியாகாமல் போனால்கூட ஏதாவது செய்துகொள்ளலாம், மனசு விட்டுப்போனால் எந்த டாக்டரிடம் கூட்டிப் போவது?

சத்தியம் செய்தவள் ஜாடை காட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. வியாழக்கிழமை காலை ஜாடையாக ஆரம்பித்தாள். ஏங்க, வலது கை ஒடிஞ்சுபோன ஒரு மனுஷன் என்னதான் பண்ணுவான், பாவம் என்றாள். லென்ஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி, இடது கையாலே சாப்பிடுவான் என்றார். வேற என்னவெல்லாம் செய்வான் என்றாள். பல் தேய்ப்பான் என்றார். அப்புறம்? யோசித்துப் பார்த்துவிட்டு, சட்டைப் பித்தான் போடுவதுதான் கஷ்டம் என்றார். பஸ்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். இந்த லட்சணத்தில் ஊரார் கண்ணுக்கெல்லாம் இவர் கண்ணாடி தேய்க்கிறார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மறுநாள் தீர்ப்புச் சொல்ல வேண்டுமே என்று லென்ஸ் எல்லா உறைகளையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். அசல் ஒரு பக்கம், முப்பத்தொன்று. போலி ஒரு பக்கம், ஆறு. கடையிலிருந்து விளக்கு வைத்த பெரிய பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தார். வாலு அறைக்குள் இருந்தாள். பஸ்காரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்றைக்கும் இல்லாத திருநாளாக அவள் வந்து உட்கார்ந்ததில் அவருக்கு ஒரே பூரிப்பு. பூதக்கண்ணாடியை அவள் பக்கம் திருப்பி, நீயே பார், வித்தியாசம் பளிச்சென்று தெரியும் என்றார்.

அவள் பார்த்தாள். யாருடையது என்று சொல்லமாட்டேன் என்றுதானே சத்தியம்? கண்ணில் படுவதைச் சொல்வதற்கு என்ன வந்தது?

"எனக்கு உங்க கழுத்தெல்லாம் தெரியாதுங்க. மழை பெய்யிற மாதிரி கோடு இருக்குல்ல, அது ரெண்டுலயும் வேற மாதிரி இருக்கு. இந்தக் கோழியில மழை வலப்பக்கத்திலிருந்து சாய்வா அடிக்குது. அந்தக் கோழியில இடப்பக்கத்திலிருந்து அடிக்குது."

"அதைத்தான் நானும் சொன்னேன், நிழல்கோடு மாறியிருக்குன்னு. வேற ஆளு."

"வேற ஆளுன்னா கோணல்மாணலா மாறியிருக்கணும். இது அச்சு அசலா திருப்பிப் போட்டிருக்கே. காத்து திரும்பினா மழை திரும்பும். அதுக்காக அது வேற மழையா?"

பதினெட்டு வருஷமாக முன்கண்ணாடியில் மழையைப் பார்த்தே பிழைக்கிறவள் சொன்னாள். லென்ஸ் உறைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பென்சிலை எடுத்தார். ஓர் உறையின் ஓரத்தில் வலது கையால் வேகவேகமாக நிழல்கோடு இழுத்தார். வலப்பக்கம் மேலேயிருந்து இடப்பக்கம் கீழே சரிந்தது. பென்சிலை இடது கைக்கு மாற்றி, தட்டுத்தடுமாறி இழுத்தார். கோடு எதிர்ப்பக்கமாகச் சரிந்தது. எந்தக் கையால் இழுக்கிறோமோ அந்தக் கைக்கு வாகாகத்தான் கோடு விழும். முப்பத்தேழு கோழிகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவருக்கு இது தோன்றாமல் போனதுதான் வேடிக்கை. கோட்டைப் பார்த்தாரே தவிர, அதை இழுத்த கையைப் பார்க்கவில்லை.

"ஒரே ஆளுதான்," என்றார் மெதுவாக. "கை மாறியிருக்கு. ஏதோ ஆகியிருக்கு அவனுக்கு."

போலிகளில் முதலாவது உறையை எடுத்தார். அவர் கையெழுத்திலேயே இருந்தது: ஆஸ்பத்திரி நிறுத்தம், பதினெட்டாம் தேதி. ஓரத்தில் கோடு இழுத்திருந்த உறையைப் பார்த்தார், அது அசல்களில் கடைசி. எட்டாம் தேதி. ஒன்பதாம் தேதி என்ன நடந்தது என்று யாரும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை. தேய்த்த கண்ணாடியை இயந்திரத்திலேயே விட்டுவிட்டு அவர் வாலுவிடம் ஓடியது அன்றைக்குத்தான்.

அவர் பார்வை வாலுவின் அறைக் கதவுக்குப் போய், அங்கேயே நின்றது. அவர் எழுந்து இரண்டு உறைகளோடும் நடைக்குப் போனார். நாற்பத்து மூன்று பலகைகளுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஊரெல்லாம் கம்பம் கம்பமா தேடினேனே," என்றார். "என் வீட்டுக்குள்ளயே இருந்திருக்கா. அவ முன்னாடியே உட்கார்ந்துக்கிட்டு போலின்னு சொன்னேன். ஏம்மா, உனக்குத் தெரியுமா?"

"நான் எதுவும் சொல்லலை," என்றாள் பஸ்காரம்மா. உண்மைதானே.

லென்ஸ் உட்கார்ந்தபடியே கைப்பேசியை எடுத்தார். குழுவில் இரண்டு வரி எழுதினார். புதுக் கோழிகளைப் போலி என்று சொன்னது என் தப்பு, அவையும் அதே ஓவியர் வரைந்தவைதான், கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு நான் நடுவராக வரமாட்டேன், காரணம் கேட்க வேண்டாம். அடுத்த நிமிடமே சக்கரம் கூப்பிட்டு, என்ன அண்ணா இப்படிக் காலை வாரிவிடுகிறீர்கள் என்று குதித்தார். காரணம் சொல்கிற உரிமை எனக்கு இல்லை தம்பி என்று வைத்துவிட்டார் லென்ஸ்.

அறைக் கதவு படாரென்று திறந்தது. மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மறுகையில் கைப்பேசியோடு வாலு நின்றாள். அம்மா சொல்லிட்டியா என்று பாய்ந்தாள். பஸ்காரம்மா இல்லவே இல்லை என்று தலையை ஆட்டினாள். லென்ஸ் தரையில் உட்கார்ந்தபடியே இரண்டு உறைகளையும் நீட்டினார். வாலு தேதியைப் பார்த்தாள், ஓரத்தில் அவர் கிறுக்கியிருந்த இரண்டு விதக் கோடுகளைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபம் மட்டும் அடங்கவில்லை.

"எதுக்கு மன்னிப்பு எழுதினீங்க? நீங்க சொன்னது சரிதானே. அது நல்லா இல்ல. பார்த்தவங்க எல்லாரும் சூப்பர் சூப்பர்னாங்க. நீங்க ஒருத்தர்தான் நல்லா இல்லேன்னு சொன்னீங்க. இப்போ நான்னு தெரிஞ்சதும் மாத்திப் பேசறீங்க."

பஸ்காரம்மாவுக்குப் பகீரென்றது. இத்தனை நாளும் ஏங்கினாளே, எரிந்து விழமாட்டாளா என்று, இதோ விழுந்துவிட்டாள். மனிதர் இப்போது பூசி மெழுகினால் தீர்ந்தது கதை. அழகாகத்தான் இருக்கிறது கண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லென்ஸ் எழுந்து மேஜைக்குப் போனார். ஆறு இடது கைக் கோழிகளையும் வரிசையாக வைத்தார்.

"நாலு நல்லா இல்ல," என்றார். "இதுல கால் தப்பு. இது ரெண்டும் பழைய கோழி மாதிரி வரணும்னு முக்கி முக்கி வரைஞ்சது, அது தெரியுது. இதுல தாள் நகர்ந்திருக்கு. அஞ்சாவது பரவாயில்ல."

வாலு பக்கத்தில் வந்து நின்றாள். மிச்சமிருந்த ஒன்றை அவர் தனியாக நகர்த்தினார், ஆஸ்பத்திரி நிறுத்தத்துக் கோழியை.

"இதை மட்டும் என்னால தூக்கிப் போட முடியல. போலின்னு உறையில எழுதிட்டு, தினம் எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஏன்னு எனக்கே தெரியல. இந்த முப்பத்தொரு கோழியும் விழுந்ததே இல்ல. அதான் அப்படி முறைக்குதுங்க. இது விழுந்திருக்கு. விழுந்தா எப்படி வலிக்கும்னு தெரிஞ்சும் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு நிக்குது பாரு. இந்த மாதிரி ஒண்ணு என் சுவத்துல நாப்பத்து மூணுலயும் இல்ல."

வாலு அந்தக் கோழியை வெகுநேரம் பார்த்தாள். அழப்போகிறாள் என்று பஸ்காரம்மா ஓரடி எடுத்து வைத்தாள். ஆனால் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தாள் நகர்ந்திருக்கிறது என்று அவர் சொன்னதைச் சுட்டி, அது என் தப்பில்லை என்றாள். மாவுக்கட்டால் தாளை அமுக்கிப் பிடிக்க வரவில்லை, கோடு பாதி போகும்போதே வழுக்குகிறது, புத்தகத்தை வைத்துப் பார்த்தேன், டேப் போட்டால் தாள் கிழிகிறது என்று மூச்சுவிடாமல் புகார் சொன்னாள். நாலு வருஷமாகச் சொல்லாத புகாரெல்லாம் அதில் கலந்திருந்த மாதிரி இருந்தது. லென்ஸ் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். நாளைக்குப் போகப்போகிறாயா என்று அவரும் கேட்கவில்லை, போகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. பஸ்காரம்மாவும் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை விடிந்து அவள் வேலைக்குக் கிளம்பும்போது இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காலை முழுக்க அவள் மனசு வண்டியில் இல்லை. பாதை தெரிந்த பஸ், தன் பாட்டுக்குப் போயிற்று. சக்கரத்தின் கடை அவள் தடத்தில்தான் இருக்கிறது, நிறுத்தத்துக்கு நேர் எதிரே, பெரிய கண்ணாடிச் சுவர் போட்ட கடை. பதினொன்று இருபதுக்கு அங்கே வண்டியை நிறுத்தினாள். இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், ஏறுகிறவர்கள் ஏறினார்கள். அவள் கழுத்தை நீட்டிக் கண்ணாடிக்குள் பார்த்தாள்.

உள்ளே ஒரே கூட்டம். கல்லாமேஜையைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம், நான்தான் என்று வந்த மூன்று பேர் தங்கள் கோழிகளோடு நின்றார்கள். அதில் ஒன்று வாத்து என்று பிறகு கேள்வி. நடுவில் வாலு. இடது கையில் பேனா, உதட்டோரம் நாக்கு. வலது கை கட்டோடு சும்மா தொங்கியது. மேஜைக்கு அந்தப் பக்கம் லென்ஸ் இடுப்பு முறிகிற மாதிரிக் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் தாளின் இரண்டு ஓரத்தையும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். தன் நிழல் விழக்கூடாதென்று தலையை ஒரு பக்கமாகத் திருப்பிவைத்திருந்தார். அதனால் பாவம், அவ்வளவு தேடிய கோழி தன் கைக்குக் கீழேயே பிறப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. வாலு என்னவோ அதட்டினாள். அவர் பயந்துபோய் ஒரு கையை விரற்கடை தூரம் நகர்த்தினார். அவள் பேனா அந்த விரலை ஒட்டியே வளைந்து போயிற்று.

பஸ்காரம்மாவுக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். வண்டி கிளம்பவேண்டிய நேரம் தாண்டி இரண்டு நிமிடம் ஆகிவிட்டது, மூன்றாகிவிட்டது. பின்னாலிருந்து யாரோ முனகினார்கள். முன் இருக்கையில் இருந்த பெரியவர் பொறுமை இழந்து, என்னம்மா, வண்டி ஏதாவது கோளாறா என்று கேட்டார்.

"கோளாறெல்லாம் இல்லைங்கய்யா," என்றாள் அவள், கடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க வீட்டு ஆளுங்க ரெண்டு பேரு அங்க ஒரு வேலையா இருக்காங்க. முடிச்சிரட்டும்."